பூச்சியை எதிர்க்கும் பயிர்கள்

உழவர் விளைவிக்கும் பயிரில் மனிதருக்கு முன்பே பங்கு கேட்டு வருபவை பூச்சிகள். இலையைத் தின்னும் புழு, தண்டைத் துளைக்கும் புழு, சாற்றை உறிஞ்சும் பூச்சி, காய்க்குள் குடியேறும் புழு என அவற்றில் பல வகை உண்டு. பயிரைக் காக்க மனிதர் சாம்பல் தூவினர். வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தனர். புழுக்களைக் கையால் பொறுக்கி அழித்தனர். இருபதாம் நூற்றாண்டில் இரசாயனப் பூச்சிக்கொல்லிகள் வந்தன. அவை விரைவாகப் பலன் தந்தன. ஆனால், மருந்து தெளிப்பவரின் உடல்நலத்தையும் மண்ணையும் நீரையும் அவை பாதித்தன.

பூச்சியை எதிர்க்கும் ஆற்றலைப் பயிருக்குள்ளேயே வைத்துவிட முடியுமா? இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் மரபணு மாற்றத் தொழில்நுட்பம். அது எவ்வாறு செயல்படுகிறது, என்ன நன்மை தந்தது, என்ன சிக்கலைக் கொண்டுவந்தது என்பவற்றை இப்பகுதியில் அறிந்துகொள்வோம்.

ஜொகூர் செம்பனையும் பைப்புழுவும்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், செகாமாட், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. செம்பனையைத் தாக்கும் பூச்சிகளில் முக்கியமான ஒன்று பைப்புழு. மலாய் மொழியில் இதனை ‘உலாட் புங்குஸ்’ என்பர். இப்புழு இலைத் துணுக்குகளைப் பட்டு நூலால் பின்னித் தன்னைச் சுற்றி ஒரு சிறு பையைக் கட்டிக்கொள்ளும். அந்தப் பையோடு ஓலையின் அடியில் தொங்கியபடியே இலையைச் சுரண்டித் தின்னும். தாக்குதல் கடுமையானால் ஓலைகள் தீயில் கருகியவைபோல் காய்ந்துவிடும். அத்தகைய மரங்களில் விளைச்சல் 40 விழுக்காடு அளவுக்குக் குறையலாம் என்று மலேசியாவில் நடைபெற்ற ஆய்வுகள் கூறுகின்றன.

எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் கடுமையான மருந்தைத் தெளித்தால் என்ன? இங்கேதான் ஜொகூரின் இன்னொரு பூச்சியைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டும். செம்பனையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கு ஒரு சிறிய கூன்வண்டு ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தை எடுத்துச் செல்லும். மலேசியாவில் அவ்வண்டு இல்லாததால், தொழிலாளர்கள் தோட்டந்தோறும் நடந்து பெண் பூக்களின்மீது மகரந்தத்தைத் தூவி வந்தனர். ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியல் அறிஞரின் ஆய்வுக்குப் பிறகு, கேமரூன் நாட்டிலிருந்து அவ்வண்டு கொண்டுவரப்பட்டது. 1981-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. சில மாதங்களிலேயே வண்டுகள் பெருகின. பழக்குலைகளில் காய்ப்பிடிப்பு உயர்ந்தது. கையால் மகரந்தம் தூவும் வேலை தேவையற்றுப் போனது.

ஆகவே, தோட்டத்தில் பகைப்பூச்சியும் உண்டு. நண்பனாகிய பூச்சியும் உண்டு. பைப்புழு சாக வேண்டும். கூன்வண்டு வாழ வேண்டும். இரண்டையும் பிரித்தறியும் மருந்து எது?

அத்தகைய ஒன்று மண்ணிலேயே இருக்கிறது. அது ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்னும் பாக்டீரியா. சுருக்கமாக ‘பி.டி.’ என்பர். மலேசிய செம்பனை வாரியம் இந்தப் பாக்டீரியாவிலிருந்து மருந்து தயாரித்து, விமானத்திலிருந்தும் தெளிப்பான்கள் மூலமும் பைப்புழு தாக்கிய தோட்டங்களில் பயன்படுத்தி வருகிறது. அது பைப்புழுவைக் கொல்லும். கூன்வண்டுக்குத் தீங்கு செய்யாது.

பட்டுப்புழு காட்டிய வழி

பி.டி. பாக்டீரியா ஒரு நோயைத் தேடிப் போனபோது கண்டறியப்பட்டது. 1901-ஆம் ஆண்டு ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென மயங்கி மடிந்தன. இஷிவாத்தா ஷிகெத்தானே என்ற அறிஞர் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டார். பட்டு வளர்ப்போருக்கு அது பகையாகத் தோன்றியது. 1911-இல் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் எர்ன்ஸ்ட் பெர்லினர் என்பவர், மாவு அந்துப்பூச்சியின் இறந்த புழுக்களில் அதே வகை பாக்டீரியாவைக் கண்டார். துரிங்கியாவின் பெயரையே அவர் அதற்குச் சூட்டினார்.

பட்டுப்புழுவைக் கொல்வது பயிரைத் தின்னும் புழுவையும் கொல்லும் அல்லவா? இந்த எண்ணம் பலருக்குத் தோன்றியது. 1938-இல் பிரான்சில் பி.டி. பாக்டீரியாவிலிருந்து தயாரித்த பூச்சிக்கொல்லி விற்பனைக்கு வந்தது. இன்றும் இயற்கை வேளாண்மை செய்வோர் பலர் பி.டி. தெளிப்பைப் பயன்படுத்துகின்றனர்.

புழுவின் குடலில் நடப்பது

பி.டி. பாக்டீரியா தன் வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் சிறு படிகங்களை உண்டாக்குகிறது. அப்படிகங்கள் ஒருவகைப் புரதத்தால் ஆனவை. இலையோடு சேர்த்து இப்படிகத்தைப் புழு விழுங்கும்போது பின்வருவன ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன.

முதலாவதாக, புழுவின் குடலில் காரத்தன்மை மிகுதி. அந்தக் காரத்தில் படிகம் கரைகிறது. இரண்டாவதாக, குடலில் உள்ள நொதிகள் அப்புரதத்தை வெட்டிச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. மூன்றாவதாக, செயல்படத் தொடங்கிய புரதம் குடற்சுவரில் தனக்கு ஏற்ற இடத்தைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. பூட்டுக்கு ஏற்ற சாவி பொருந்துவது போன்றது இது. நான்காவதாக, ஒட்டிய இடத்தில் துளை விழுகிறது. புழு தின்பதை நிறுத்துகிறது; சில நாள்களில் இறந்துவிடுகிறது.

மனிதரின் வயிற்றில் இருப்பது அமிலம், காரம் அன்று. அப்புரதம் ஒட்டிக்கொள்வதற்கான இடமும் நம் குடற்சுவரில் இல்லை. அதனால் அது மற்றப் புரதங்களைப்போலச் செரித்துவிடும். பி.டி. புரதங்களிலும் பல வகை உண்டு. அந்துப்பூச்சிகளின் புழுக்களைத் தாக்கும் புரதம் வண்டுகளைத் தாக்குவதில்லை. பூட்டு வேறு என்றால் சாவி பொருந்தாது.

இவ்வளவு நல்ல மருந்துக்கும் ஒரு குறை உண்டு. இலைமேல் தெளித்த பி.டி. வெயிலில் சிதைந்துவிடும், மழையில் கழுவப்பட்டுவிடும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில் இது பெரிய குறை. மேலும், தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிட்ட புழுவைத் தெளிப்பு எட்டாது.

இந்தக் குறையிலிருந்துதான் அடுத்த எண்ணம் பிறந்தது. பாக்டீரியா அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அதன் மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டால், செடியே புரதத்தைச் செய்துகொள்ளாதா?

மரபணு செடிக்குள் சென்ற விதம்

ஒரு மரபணுவைச் செடிக்குள் எவ்வாறு செலுத்துவது? இதற்கும் இயற்கையே வழிகாட்டியது. மண்ணில் வாழும் ‘அக்ரோபாக்டீரியம்’ என்னும் பாக்டீரியா, காயம்பட்ட செடியின் உயிரணுக்களுக்குள் தன் மரபணுக்கள் சிலவற்றைச் செலுத்திவிடும். அதனால் செடியின் அடித்தண்டில் கட்டி உண்டாகும். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் மார்க் வான் மொந்தாகு, ஜெஃப் ஷெல் ஆகியோரும், அமெரிக்காவில் மேரி டெல் சில்டனும் இந்த இயற்கை வழியை ஆராய்ந்தனர். கட்டியை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் தாங்கள் விரும்பிய மரபணுவை வைத்தனர். பாக்டீரியா அதைக் கடிதம் கொண்டுசெல்லும் அஞ்சல்காரர்போலச் செடிக்குள் கொண்டுசென்றது. 1983-இல் இம்முறையில் மரபணு மாற்றப்பட்ட செடிகள் உருவாயின.

1987-இல் கெண்ட் நகர் ஆய்வாளர்கள் பி.டி. மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் வைத்துக் காட்டினர. அச்செடியின் இலையைத் தின்ற புழுக்கள் இறந்தன. 1996-இல் அமெரிக்காவில் பி.டி. பருத்தியும் பி.டி. மக்காச்சோளமும் வணிக அளவில் பயிரிடப்பட்டன.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பி.டி. செடியை உருவாக்குவது பொறுமையான வேலை. செடியின் சிறு துண்டுகளை அக்ரோபாக்டீரியத்தோடு சேர்த்து வளர்ப்பர். புதிய மரபணுவைப் பெற்ற உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுப்பர். அவற்றைத் திசு வளர்ப்பு முறையில் முழுச் செடியாக்குவர். நூற்றுக்கணக்கான செடிகளைச் சோதித்து, மரபணு சரியான இடத்தில் அமைந்து நன்கு செயல்படும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பர். பின்னர், அச்செடியை உள்ளூர் வகைகளோடு பல தலைமுறை கலப்புச் செய்வர். சுவையும் நிறமும் பழைய வகையைப்போலவே இருக்க, பூச்சியை எதிர்க்கும் ஆற்றல் மட்டும் புதிதாகச் சேரும்.

பருத்தி வயலில் கிடைத்த பாடம்

இந்தியாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டில்தான் பருத்தி பயிரிடப்பட்டது. ஆனால், ஒரு காலத்தில் அந்நாட்டில் பயன்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லியில் ஏறத்தாழப் பாதி பருத்திக்கே சென்றது. காரணம், காய்ப்புழு. 2002-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி அளித்தது. அனுமதி பெற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இந்தியப் பருத்தி நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. பருத்தியே நின்றது.

2002–2003-இல் இந்தியா ஏறத்தாழ 13.6 மில்லியன் பொதி பருத்தி விளைவித்தது. 2013–2014-இல் அது ஏறத்தாழ 39.8 மில்லியன் பொதியாக உயர்ந்தது. இவ்வுயர்வு முழுவதும் ஒரு மரபணுவால் வந்தது என்று கூறிவிட முடியாது. அதே ஆண்டுகளில் பாசனமும் உரப் பயன்பாடும் பருத்தி பயிரிட்ட நிலப்பரப்பும் அதிகரித்தன. இருப்பினும், காய்ப்புழுவுக்காக மருந்து தெளிப்பது பெருமளவு குறைந்தது உண்மை.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்ற ஒருவகைப் புழு மெல்ல மெல்ல அப்புரதத்தைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றது. குஜராத் மாநிலத்தில் இது 2009-ஆம் ஆண்டு வாக்கில் கண்டறியப்பட்டது. இரண்டு பி.டி. மரபணுக்கள் கொண்ட புதிய பருத்தியையும் சில ஆண்டுகளில் அப்புழு தாங்கத் தொடங்கியது. மேலும், சாறு உறிஞ்சும் பூச்சிகளை பி.டி. புரதம் தாக்காது. காய்ப்புழு குறைந்த வயல்களில் அவை பெருகின. அவற்றை ஒழிக்க உழவர்கள் மீண்டும் மருந்துப் புட்டியை எடுத்தனர்.

புழு எவ்வாறு எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது? இலட்சக்கணக்கான புழுக்களில் மிகச் சிலவற்றின் உடலமைப்பு சற்று மாறியிருக்கும். பூட்டின் வடிவம் மாறியதால் சாவி பொருந்தாது. அவை பி.டி. செடியைத் தின்றும் உயிர் பிழைக்கும். மற்றவை இறந்துவிடுவதால், பிழைத்தவை ஒன்றோடொன்று இணைந்து தம்மைப் போன்ற குஞ்சுகளைப் பெருக்கும். சில தலைமுறைகளில் வயல் முழுவதும் மருந்துக்கு அஞ்சாத புழுக்களாகிவிடும்.

இதைத் தடுக்க அறிவியலாளர் ஒரு வழி கூறினர். பி.டி. பயிரின் ஓரத்தில் சாதாரணப் பருத்தியையும் நட வேண்டும். இதனைப் ‘புகலிடப் பயிர்’ எனலாம். அங்கே சாதாரணப் புழுக்கள் உயிரோடு வளரும். அவை அந்துப்பூச்சிகளாகிப் பறந்து, எதிர்ப்பாற்றல் பெற்ற சிலவற்றோடு இணையும். அவ்வாறு பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை பி.டி. செடியைத் தின்றால் இறந்துவிடும். நிலத்தின் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பதால் மீதிப் பகுதி நெடுங்காலம் காப்பாற்றப்படுகிறது. ஆனால், சிறு நிலம் வைத்திருக்கும் உழவர்கள் பலர் புகலிடப் பயிரை நடவில்லை. இருக்கும் சிறிதளவு நிலத்தில் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? இதன் விளைவை எல்லாரும் சேர்ந்து அனுபவிக்க நேர்ந்தது.

கத்தரிக்காய்க்கு வந்த வழக்கு

சாம்பாரிலும் எண்ணெய்க் குழம்பிலும் நாம் விரும்பி உண்ணும் கத்தரிக்காய்க்கு ஒரு பெரும் பகை உண்டு. அது தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்னும் புழு. அந்துப்பூச்சி செடியில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு முதலில் இளங்குருத்தைத் துளைக்கும். குருத்து வாடித் தொங்கும். காய் பிடித்ததும் காய்க்குள் நுழையும். வெளியே பார்த்தால் ஒரு சிறு துளை மட்டுமே தெரியும். உள்ளே புழு பத்திரமாக இருக்கும். மருந்து எட்டாத இடத்தில் புழு இருப்பதால், அது நுழைவதற்கு முன்பே கொல்ல வேண்டும் என்று உழவர்கள் வாரத்துக்குப் பல முறை மருந்து தெளிக்கின்றனர். அம்மருந்தின் எச்சம் சந்தைக்கும் பிறகு சமையலறைக்கும் வருகிறது.

இந்தியாவில் மஹிகோ என்ற விதை நிறுவனம் பி.டி. கத்தரியை உருவாக்கியது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இம்முயற்சியில் பங்கேற்றது. அது கோவை 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய நான்கு வகைகளில் பி.டி. மரபணுவைச் சேர்த்தது. இவை வீரிய ஒட்டு வகைகள் அல்ல. உழவர் தம் காயிலிருந்தே விதை எடுத்து அடுத்த முறை விதைத்துக்கொள்ளலாம். பருத்தியில் ஆண்டுதோறும் புதிய விதை வாங்க வேண்டியிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது முக்கியமான வேறுபாடு.

2009-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், இந்தியாவின் மரபணுப் பொறியியல் அனுமதிக் குழு பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் அளித்தது. உடனே நாடெங்கும் விவாதம் எழுந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்கள் கருத்துக் கூட்டங்களை நடத்தினார். உழவர், அறிவியலாளர், மருத்துவர், நுகர்வோர் என ஆயிரக்கணக்கானோர் அவற்றில் கலந்துகொண்டனர்.

ஆதரித்தோர் கூறியது என்ன? பூச்சிமருந்து குறையும்; உழவரின் செலவு குறையும்; தெளிப்பவரின் உடல்நலம் காக்கப்படும்; சந்தைக்கு வரும் காயில் நஞ்சு குறையும் என்றனர்.

எதிர்த்தோர் கூறியது என்ன? பருத்தி நூலுக்குரியது, கத்தரி நேரே வாய்க்குள் போவது. எனவே, நீண்டகாலச் சோதனை வேண்டும் என்றனர். சோதனைகளைப் பெரும்பாலும் நிறுவனமே நடத்தியதால், சுதந்திரமான ஆய்வு தேவை என்றனர். இந்தியா கத்தரியின் தாயகங்களுள் ஒன்று. அங்கு உள்ள பலநூறு நாட்டு வகைகளிலும் காட்டு வகைகளிலும் மகரந்தம் வழியாகப் புதிய மரபணு கலந்துவிடலாம் என்று கவலைப்பட்டனர். விதை ஒரு சில நிறுவனங்களின் கைக்குள் போய்விடும் என்ற அச்சமும் இருந்தது.

2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் அமைச்சர் தம் முடிவை அறிவித்தார். அறிவியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பல மாநில அரசுகள் தயங்குகின்றன. அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே, பி.டி. கத்தரி நிறுத்தி வைக்கப்படும் என்றார். கோயம்புத்தூரில் உருவான நான்கு வகைகளும் உழவரின் வயலை எட்டவில்லை.

எல்லைக்கு அப்பால்

இந்தியா நிறுத்திவைத்ததை அண்டை நாடான வங்காளதேசம் ஏற்றுக்கொண்டது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்நாடு நான்கு பி.டி. கத்தரி வகைகளுக்கு அனுமதி தந்தது. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் 20 உழவர்கள் முதன்முதலாக அவற்றின் நாற்றுகளைப் பெற்றனர். விதையை அரசு ஆய்வு நிறுவனமே வழங்கியது. பின்னர் ஆயிரக்கணக்கான உழவர்கள் இதனைப் பயிரிட்டனர். ஏறத்தாழ 1,200 உழவர்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், பூச்சிமருந்துச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததும் விளைச்சல் கூடியதும் தெரியவந்தது. ஆயினும், அங்கும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு மருந்து தெளிக்கும் தேவை நீங்கவில்லை.

நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸ் 2003 முதல் பி.டி. மக்காச்சோளத்தைப் பயிரிட்டு வருகிறது. ஆனால், அங்கு அனுமதி பெற்ற பி.டி. கத்தரியை 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. ஒரே செடி, ஒரே மரபணு. எனினும், ஒரு நாடு ஏற்கிறது. ஒரு நாடு காத்திருக்கிறது. இன்னொரு நாடு நீதிமன்றத்துக்குப் போகிறது. அறிவியல் தரும் விடையோடு, ஒவ்வொரு நாட்டின் நிலைமையும் மக்களின் நம்பிக்கையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதை இது காட்டுகிறது.

மலேசியாவின் நிலை

மலேசியாவில் பி.டி. பயிர் எதுவும் வணிக அளவில் பயிரிடப்படவில்லை. அதற்காக அது நம் வாழ்வோடு தொடர்பில்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. கோழித் தீவனத்துக்கும் உணவுத் தயாரிப்புக்கும் வெளிநாடுகளிலிருந்து வரும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் மரபணு மாற்றப்பட்டவை உண்டு. அவற்றை அரசு ஆராய்ந்து அனுமதித்துள்ளது.

இதற்காகவே 2007-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அது 2009-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றப்பட்ட ஓர் உயிரை வயலில் விடவோ நாட்டுக்குள் கொண்டுவரவோ விரும்புபவர், தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். அறிவியலாளர் குழு விண்ணப்பத்தை ஆராய்ந்து ஆலோசனை கூறும். பொதுமக்களும் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம். மரபணு மாற்றப்பட்ட உணவுப் பொருள்களுக்குச் சிட்டையில் குறிப்பிட வேண்டிய விதிமுறையும் உண்டு. வாங்குபவர் அறிந்து தேர்ந்தெடுக்க இது உதவுகிறது.

செம்பனையில் பி.டி. மரபணுவை வைத்தால் பைப்புழுச் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். பருத்திச் செடி சில மாதங்களில் முடிந்துவிடும். செம்பனையோ ஏறத்தாழ 25 ஆண்டுகள் தோட்டத்தில் நிற்கும். அத்தனை ஆண்டுகளும் ஒரே புரதத்தைத் தின்று வளரும் புழுக்கூட்டம் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிட்டால், மரங்களை ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. எனவே, பி.டி.யைச் செடிக்குள் வைப்பதைவிடத் தேவைப்படும்போது மட்டும் தெளிப்பதே இப்போது நடைமுறையாக உள்ளது.

அதோடு வேறு வழிகளும் கைகொடுக்கின்றன. தோட்டத்து வரப்புகளில் தேன் சுரக்கும் பூச்செடிகளை நடுகின்றனர். அப்பூக்களை நாடி வரும் சிறு குளவிகள் பைப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கின்றன. எலிகளைப் பிடிக்கக் கூகைகளுக்குக் கூடுகள் அமைக்கின்றனர். புழுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது கணக்கெடுத்து, அளவு மீறினால் மட்டுமே மருந்து தெளிக்கின்றனர். இவ்வாறு பல வழிகளையும் இணைத்துப் பயன்படுத்துவதை ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்பர். பி.டி. பயிர் இந்த மேலாண்மையின் ஒரு பகுதியாகத்தான் நிலைத்து நிற்க முடியும்; தனியாக நின்றால் புழு அதனை வென்றுவிடும். இந்தியப் பருத்தி வயல் கற்றுத்தந்த பாடமும் இதுவே.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

மரபணு மாற்றம் என்றதும் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் அது எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்று நம்புகின்றனர். இரண்டுமே ஆராயாமல் எடுக்கும் முடிவுகள். ஒரு புதிய பயிரைப் பற்றிக் கேள்விப்படும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. எந்த மரபணு சேர்க்கப்பட்டது? அது எந்தப் பூச்சியைத் தாக்கும்; எதைத் தாக்காது? உணவாக உண்பதற்கு அது சோதிக்கப்பட்டதா? சோதித்தவர் யார்? பூச்சி எதிர்ப்பாற்றல் பெறாமல் தடுக்க என்ன திட்டம் உண்டு? விதையை உழவர் சேமித்துக்கொள்ளலாமா, ஆண்டுதோறும் வாங்க வேண்டுமா? அந்தப் பயிர் இல்லாவிட்டால் உழவர் இப்போது தெளிக்கும் மருந்தின் அளவு எவ்வளவு?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகின்றனர். புதியதில் உள்ள ஆபத்தை மட்டும் பார்த்து, பழையதில் உள்ள ஆபத்தை மறப்பது சரியன்று. முகமூடியும் கையுறையும் இன்றி முதுகில் மருந்துப் பெட்டியைச் சுமந்து செல்லும் உழவரின் உடல்நலமும் இந்த விவாதத்தில் ஒரு பக்கம்தான்.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வாக்களிப்பீர்கள், பொருள்களை வாங்குவீர்கள், உங்களுள் சிலர் வேளாண் அறிவியலாளராகவும் ஆகலாம். மலேசியாவில் ஒரு பி.டி. பயிரை விதைக்கலாமா என்ற கேள்வி எழும் நாளில், பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் அறிவிப்பு உங்களுக்கும் உரியதே. அன்று அச்சத்தாலோ ஆசையாலோ அல்லாமல், அறிந்த செய்திகளைக் கொண்டு விடை கூற வேண்டும். அதற்கான ஆயத்தம் இன்றைய வாசிப்பிலிருந்தே தொடங்குகிறது.